தூதும் சீட்டும்: தமிழகத்தில் மருத்துவரை நாடிய வழிகளின் வரலாறு

நோயாளி தமக்கேற்ற மருத்துவமனையைத் தெரிந்தெடுத்து, அங்கே பெயரைப் பதிந்து, முறை வரும்வரை காத்திருந்து மருத்துவரைக் காண்பது இன்று இயல்பான நடைமுறையாகத் தோன்றினாலும், தமிழகத்தில் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் நிலைபெற்ற வழக்கமாகும். அதற்கு முன்பு, வசதியும் மதிப்பும் உள்ள வீடுகளுக்கு வைத்தியரே வந்தார். நோயாளி படுக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. அவ்வாறு வைத்தியரை அழைக்க இயலாத எளியவர்கள் கைமருந்தையும், ஊர் மருத்துவச்சியையும், கோயில் வேண்டுதலையும் நம்பியிருந்தனர். யார் யாரிடம் போகலாம், எப்போது போகலாம், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவை எவை என்று பார்த்தால், நோயின் தன்மையைக் காட்டிலும் சாதி, பால், பணம், தொலைவு, கதவு திறந்திருக்கும் நேரம் ஆகியவையே மேலோங்கி நிற்பது தெரியவரும்.

வைத்தியரை வரவழைக்கும் பழைய முறையின் மையத்தில் தூதன் இருந்தான். நோயாளியின் வீட்டிலிருந்து வைத்தியரை அழைக்கச் செல்லும் உறவினரோ வேலையாளோ தூதன் எனப்பட்டான். அவன் வரும் வேளை, நிற்கும் திசை, கையில் வைத்திருக்கும் பொருள், பேசத் தொடங்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு நோய் தீருமா தீராதா என்று முன்னறியும் முறை சித்த மருத்துவ மரபில் தூதிலக்கணம் என வழங்கியது. வடமொழியில் அமைந்த சுசுருத சங்கிதையும் தூதனைப் பற்றித் தனியே பேசுகிறது. எமனின் திசையாகக் கருதப்பட்ட தெற்கு நோக்கி நிற்பவன், தலைவிரி கோலமாக வருபவன், துரும்பைக் கிள்ளிக்கொண்டே பேசுபவன் ஆகியோர் தீக்குறிகளாகக் கொள்ளப்பட்டனர். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வேறொரு வகையிலும் இதைப் படிக்க இடமுண்டு. தீராத நோயைக் கையிலெடுத்துப் பழி சுமக்க அஞ்சிய வைத்தியருக்கு, ஒரு நோயாளியை ஏற்பதா மறுப்பதா என்று வாசலிலேயே முடிவெடுக்கத் தூதிலக்கணம் வழி தந்தது. நோயாளி வைத்தியரைத் தெரிந்தெடுத்ததைப் போலவே வைத்தியரும் நோயாளியைத் தெரிந்தெடுத்தார் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என்னும் நான்கு உறுப்புகளைக் கொண்டது என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுக்கிறது. நோயாளியோடு இருந்த இந்த நான்காமவரே பல நேரங்களில் வைத்தியரை அழைக்கப் போனவராகவும், நோயின் போக்கை எடுத்துச் சொன்னவராகவும், சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுத்தவராகவும் இருந்திருக்க வேண்டும். மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது தனி ஒருவரின் செயலாக இல்லாமல் குடும்பத்தின் செயலாகவே இன்றளவும் இங்கு இருந்துவருவதை மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே உணரலாம்.

வீட்டுக்கு வைத்தியர் வந்த அதே காலத்தில் நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்த இடங்களும் இருந்தன. அவற்றுள் மிகத் தெளிவான சான்று காஞ்சிபுரத்துக்கு அருகில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டாகும். 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயரில் நடந்த ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலசாலை அவர்களைப் பேணும் இடம். அங்கே 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை சிகிச்சை செய்வதற்கு ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், நீர் கொண்டுவருபவர் என்று பணியாளர்களும் அவர்களுக்கான ஊதிய நெல்லும் வகுக்கப்பட்டிருந்தன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் கிடைக்க, அறுவை செய்பவருக்கு 30 கலமே குறிக்கப்பட்டிருந்தது. கையால் வேலை செய்வோரைக் கீழாக மதித்த ஒரு சமூகப் பார்வை இந்த வேறுபாட்டில் படிந்திருக்கலாம். நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி, இரவில் எரிய விளக்கு, சேமிப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என்று கல்வெட்டு நுணுக்கமாகச் செல்கிறது. ஆனால் இந்த ஆதுலசாலை ஊராருக்கெல்லாம் பொதுவாகத் திறந்திருக்கவில்லை. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையின் மாணவரும் கோயில் பணியாளருமே இதன் பயனாளிகள். எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதே எந்த மருத்துவம் கிடைக்கும் என்பதை முடிவுசெய்தது.

இந்த வரையறை ஐரோப்பியர் கட்டிய முதல் மருத்துவமனைகளிலும் மாறவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற படைவீரர்களுக்காக 1664ஆம் ஆண்டு நவம்பரில், எட்வர்ட் வின்டர் ஆளுகையில், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்ட மருத்துவமனையே பின்னாளில் அரசுப் பொது மருத்துவமனை ஆயிற்று. அது 1772ஆம் ஆண்டு இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. ஆனால் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1842ஆம் ஆண்டில்தான். தொடங்கிய நாளிலிருந்து 178 ஆண்டுகள் அந்நகரின் பெரும்பான்மை மக்களுக்கு அந்த மருத்துவமனை இல்லாததற்குச் சமமாகவே இருந்தது என்பதை அதன் பெருமையைப் பேசும்போது மறந்துவிடலாகாது. இந்தியர்களுக்கென இருந்தது வடசென்னையின் மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி எழுந்த மருத்துவமனை. ஹைதர் அலியின் படையெடுப்பை அடுத்த பஞ்சத்தில், 1782ஆம் ஆண்டளவில், பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்ட சத்திரம் அது. பசியோடு வந்தவர்களிடம் நோயும் சேர்ந்தே வந்ததால் கஞ்சிக்குப் பக்கத்தில் மருந்தும் தேவைப்பட்டது; 18ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அங்கே மருத்துவமனையும் உருவானது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் மூலம் இதுவே. அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னை மக்கள் அழைத்தது அந்த நினைவின் எச்சமாகும்.

நோய்க்கேற்ற மருத்துவமனை என்னும் எண்ணம் சென்னையில் வேர் பிடித்தது 19ஆம் நூற்றாண்டிலாகும். 1819ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை, இலண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1844ஆம் ஆண்டு பிரசவத்துக்கெனத் தனி மருத்துவமனை எழுந்தது. எழும்பூர்த் தாய் சேய் நல மருத்துவமனை அதன் தொடர்ச்சியாகும். ஏறக்குறைய இதே காலத்துக்கு முன்பின்னாகத் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரை) தன்வந்திரி மகாலை நடத்தினார். அங்கே கண் நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் குறிப்புகள் கண்ணின் ஓவியங்களோடு எழுதப்பட்டு, சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. புரை விழுந்த கண்ணும் சிவந்த கண்ணும் வண்ணத்தில் தீட்டப்பட்டு, அவற்றுக்குரியவர் யார், என்ன செய்யப்பட்டது என்று பதிவாகியுள்ள அந்த ஏடுகள், நோயாளி ஒருவரின் வரலாறு தாளில் ஏறிய மிக முந்திய தமிழகச் சான்றுகளுள் அடங்கும்.

ஆனால் பிரசவ மருத்துவமனை கட்டியதாலேயே பெண்கள் அங்கு வந்துவிடவில்லை. பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவச்சிகள். எந்த நள்ளிரவிலும் அழைத்தவுடன் வந்து, நெல்லும் புடவையும் பெற்றுச் சென்ற அவர்களின் இடத்தை, ஆண் மருத்துவர் இருக்கும் கட்டடம் நிரப்ப முடியவில்லை. உயர்சாதி இந்துப் பெண்களும், திரைமறைவு காத்த முஸ்லிம் பெண்களும் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்னும் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தனர். வழக்கறிஞரான கணவரோடு சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் இக்கொடுமையைக் கண்டு, 1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் வேறு மூன்று பெண்களுடன் சேர்ந்து பயின்றார். இலண்டனிலும் படித்துத் திரும்பி, 1885ஆம் ஆண்டு சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனையைத் தொடங்கினார். கோஷா என்பது பெண்கள் அயலார் கண்ணில் படாமல் திரைக்குப் பின் வாழும் வழக்கம். சேப்பாக்கத்தில் இடம்பெற்று இன்று கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை எனப்படும் அந்த நிறுவனத்தைத் திருவல்லிக்கேணி மக்கள் இப்போதும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கின்றனர். சாதியையும் திரையையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கேற்பக் கட்டப்பட்ட மருத்துவமனை அது. இந்த விட்டுக்கொடுத்தலில் வருத்தப்பட நிறைய இருந்தாலும், அது இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டாத பெண்கள் பலர் உயிர்பிழைத்தனர்.

வேலூரில் ஐடா ஸ்கடர் இதே சிக்கலை வேறொரு முனையிலிருந்து அணுகினார். திண்டிவனத்தில் தந்தையார் பணியாற்றிய நாளில், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று வீட்டார் மறுத்ததால் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கத் துணிந்தவர் அவர். 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய அவருடைய பணி, 1902ஆம் ஆண்டு 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. இந்தக் கட்டுரையின் பொருளுக்கு இவற்றினும் முக்கியமானது அவர் நடத்திய சாலையோர மருத்துவமாகும். வாரத்தில் குறித்த நாளில் குறித்த சாலையில் மோட்டார் வண்டியில் சென்று, வழியில் வழக்கமான இடங்களில் நிறுத்தி, மரத்தடியில் கூடியிருந்தவர்களைப் பார்த்து மருந்து தந்து அடுத்த இடத்துக்குச் செல்வது அதன் முறை. கடிகாரமோ எழுத்தறிவோ இல்லாத சிற்றூர் மக்களுக்கும் கிழமை தெரியும். இன்ன கிழமையில் இன்ன மரத்தடியில் டாக்டரம்மா இருப்பார் என்ற உறுதி, மருத்துவரைக் காண்பதற்கான முன்னேற்பாட்டின் மிக எளிய, மிகப் பயனுள்ள வடிவம் என்றே கொள்ள வேண்டும். ஒரு சீட்டும் இல்லாமல், ஒரு பதிவும் இல்லாமல், சொன்ன நாளில் வருவது என்னும் ஒன்றினாலேயே அது நடந்தது.

அரசுத் தரப்பில் 1871ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்துக்குப் பிறகு மாவட்டங்களில் சிறு மருந்தகங்கள் பெருகின. டிஸ்பென்சரி எனப்பட்ட இவற்றில் மருத்துவரும், அவர் எழுதித் தரும் மருந்தைக் கலந்து கொடுக்கும் கம்பவுண்டரும் இருந்தனர். மருந்து பெரும்பாலும் மிக்ஸர் என்னும் திரவமாகவே தரப்பட்டதால் நோயாளி வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவர வேண்டும். கழுவிய பாட்டிலைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்பது 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழகச் சிற்றூர்களின் காலைக் காட்சியாக இருந்தது. கம்பவுண்டர் ஒரு நீண்ட காகிதத் துண்டை மடித்து, ஓரங்களைக் கத்தரித்து, பிரித்தால் வேளைக்கொரு பல்லாகத் தெரியும்படி செய்து, பசை தடவிப் பாட்டிலின் மேல் ஒட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு கட்டம் இறங்கக் குடித்தால் போதும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். மருத்துவ நிர்வாகத்தின் பெரிய திட்டங்களுக்குக் கிடைத்த வரலாற்றுப் புகழில் ஒரு பங்காவது அந்தக் காகிதத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

டிஸ்பென்சரி எட்டாத ஊர்களுக்கு மருத்துவரை அனுப்பும் முயற்சியும் நடந்தது. நீதிக்கட்சி ஆட்சியின்போது, 1924ஆம் ஆண்டளவில், சிற்றூர்களில் குடியேறித் தொழில் செய்யும் மருத்துவர்களுக்கு அரசு மானியம் அளிக்கும் திட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. பட்டத்துக்குக் கீழான உரிமப் படிப்பு முடித்த எல்.எம்.பி. டாக்டர்கள் இதன் மூலம் ஊர்களுக்குள் வந்தனர். அதே ஆண்டுகளில் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் 1921ஆம் ஆண்டு அமைந்த குழு 1923ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. அதன் செயலராக இருந்த ஜி. சீனிவாசமூர்த்தியின் பொறுப்பில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் உருவானது. அதற்கு முன்பே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859 முதல் 1919 வரை) தம் குருவின் பெயரால் தயாரித்த கருணானந்த சஞ்சீவி மருந்துகள் தமிழகத்துக்கு அப்பாலும் புகழ்பெற்றிருந்தன. பத்திரிகை விளம்பரத்தைப் படித்து, கடிதம் எழுதி, அஞ்சல்காரரிடம் பணம் கொடுத்து வி.பி.பி. பொட்டலமாக மருந்து பெறும் பழக்கம் பரவியபோது, வைத்தியர் நாடியைத் தொட்டுப் பார்க்காமலேயே நோயாளி தம் நோய்க்குத் தாமே பெயர் சூட்டி மருந்தைத் தெரிந்தெடுக்கும் நிலை உருவாயிற்று. அதன் விளைவுகள் நல்லவையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

எந்த நோய்க்கு எங்கே போவது என்பதை அரசே வரையறுத்துப் படிநிலைகளாக அமைக்க வேண்டும் என்ற சிந்தனை முழு வடிவம் பெற்றது ஜோசப் போர் தலைமையிலான குழுவின் அறிக்கையில். 1943ஆம் ஆண்டு அமைந்து 1946ஆம் ஆண்டு அறிக்கை தந்த அக்குழுவில், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் உறுப்பினராக இருந்தார். 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகள் கொண்ட முதல்நிலை மருத்துவமனை, அதற்கு மேல் 650 படுக்கைகள் கொண்ட இடைநிலை மருத்துவமனை, மாவட்டத் தலைமையில் 2,500 படுக்கைகள் கொண்ட பெருமருத்துவமனை என்று குழு கனவு கண்டது. கீழ்நிலையில் தீராத நோயை மேல்நிலைக்குச் சீட்டெழுதி அனுப்புவது இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அதே காலத்தில், 1948ஆம் ஆண்டு ஜூலையில், பிரிட்டன் தன் தேசிய நலவாழ்வுப் பணியைத் தொடங்கியபோது, ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்து, அவர் வழியாகவே சிறப்பு மருத்துவரை அடையும் முறையை உறுதிப்படுத்திக்கொண்டது. இந்தியாவில் 1952ஆம் ஆண்டு முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன; ஆனால் குழு சொன்ன 75 படுக்கைகள் எங்கும் வரவில்லை. முதலியாரே தலைமை தாங்கிய அடுத்த குழு 1960களின் தொடக்கத்தில், புதியவற்றைத் திறப்பதைவிட இருக்கும் நிலையங்களை வலுப்படுத்துவதே முதல் வேலை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

படிகளின் அடியில் வலு இல்லாதபோது மக்கள் படிகளைத் தாண்டினர். சேலத்துக்காரரும் நெல்லூர்க்காரரும் இரவு ரயிலில் ஏறி, விடியலில் சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, எதிரே இருக்கும் பொது மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டுக்கு நின்றனர். ஓ.பி. சீட்டு எனப்படும் அந்தத் தாளை யாரும் யாருக்கும் மறுக்க முடியாது. பரிந்துரைக் கடிதம் கேட்கப்படுவதில்லை. இதனால் பெருமருத்துவமனைகளில் சாதாரணக் காய்ச்சலும் சிக்கலான நோயும் ஒரே வரிசையில் நின்றன என்று நிர்வாகிகள் குறைப்பட்டதில் உண்மை உண்டு. ஆயினும் 1842ஆம் ஆண்டுவரை அந்தக் கதவு யாருக்கு மூடியிருந்தது என்பதை நினைத்தால், யாரும் வரலாம் என்னும் அந்தத் திறப்பைக் குறை என்று மட்டும் எழுதிவிட மனம் ஒப்பவில்லை.

நகரங்களிலும் சிறுநகரங்களிலும் மாலை நேரத் தனியார் கிளினிக் இன்னொரு வழியாக வளர்ந்தது. பணி நேரத்துக்குப் புறத்தே தனியாகத் தொழில் செய்ய அரசு மருத்துவர்களுக்குத் தமிழகத்தில் அனுமதி இருந்ததால், காலையில் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்தவரையே மாலையில் கட்டணம் கொடுத்துப் பார்க்க முடிந்தது. இங்கேதான் டோக்கன் வழக்கத்துக்கு வந்தது. கிளினிக் திறக்கும் முன்பே திண்ணையில் பையையோ செருப்பையோ வைத்து இடம்பிடிப்பதும், கம்பவுண்டர் நோட்டில் வரிசையாகப் பெயர் எழுதி எண் பொறித்த அட்டையைக் கொடுப்பதும், எண்ணைக் கூப்பிடும்போது வெளியே போயிருந்தவர் கடைசிக்குத் தள்ளப்படுவதும் பலருக்கும் தெரிந்த நடைமுறைகள். தொலைபேசி வந்த பிறகு பெயரைச் சொல்லிவைக்கும் வசதி தொலைபேசி உள்ளவர்களுக்குக் கிடைத்தது. வடசென்னையில் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் திருவேங்கடம் வீரராகவன் போன்றோர் 5 ரூபாய் டாக்டர் என்றே பெயர் பெற்றதற்குக் கட்டணம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. நடந்து போகும் தொலைவில், எப்போதும் அதே இடத்தில் அவர்கள் இருந்தனர். 1983ஆம் ஆண்டு சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை திறக்கப்பட்டதிலிருந்து, துறை வாரியாக மருத்துவரைத் தெரிந்தெடுத்து நேரம் குறிக்கும் முறை நடுத்தர வகுப்பின் வழக்கமாகப் படிப்படியாக மாறியது.

2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய மாற்றங்களில் மிக அதிகம் கற்பிப்பது ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிரசவ அறைகள்தாம். மூன்று செவிலியர் முறை மாற்றிப் பணிபுரிய, 24 மணி நேரமும் நிலையம் திறந்திருக்கும் என்னும் ஏற்பாடு வந்ததும், அதுவரை அவற்றைக் கடந்து நகரத்துக்குப் போன கர்ப்பிணிகள் தம் ஊர் நிலையத்துக்கே வரத் தொடங்கினர். மகப்பேற்று உதவித்தொகைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் பணம் தருவதாகச் சொல்லிவிட்டு இரவில் பூட்டிக் கிடக்கும் நிலையத்தை எந்தக் குடும்பமும் தேர்ந்தெடுத்திருக்காது. 2008ஆம் ஆண்டு வந்த 108 அவசர ஊர்தி, எந்த மருத்துவமனைக்குப் போவது என்று வீட்டார் நடுக்கத்தோடு முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பொறுப்பைப் பயிற்சி பெற்றவரிடம் மாற்றியது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, மாதந்தோறும் மாத்திரைக்காக வரிசையில் நின்று அரை நாள் கூலியை இழந்தவர்களின் சுமையைக் குறைத்தது.

இப்போது பல மருத்துவமனைகளில் கைபேசியில் குறியீட்டை வருடிப் பெயர் பதியலாம். தனியார் செயலிகளில் மருத்துவரின் படிப்பையும் கட்டணத்தையும் பார்த்து நேரம் குறிக்கலாம். அவற்றால் காத்திருப்பு குறைவது வரவேற்கத் தக்கதே. ஆனால் செயலியில் முன்பதிவு செய்தவர் நேரே உள்ளே போக, காலை ஐந்து மணிக்கே முதல் பேருந்தில் வந்து சீட்டுக் கவுண்டரில் நிற்கும் முதியவர் அவருக்குப் பின்னால் தள்ளப்படுவாரானால், கோட்டைக்குள் இருப்பவருக்கு ஒன்றும் வெளியே நிற்பவருக்கு ஒன்றுமாக இருந்த பழைய பாகுபாடு வேறு கருவியால் திரும்பும். அதனால் கவுண்டரில் நேரில் வருவோருக்கெனத் தனியே இடங்கள் ஒதுக்குவதும், கைபேசி இல்லாதவருக்குப் பதிந்து கொடுக்க ஓர் ஆளை அமர்த்துவதும் சிறு சலுகைகளாக அல்லாமல், மருத்துவமனை நடத்தும் எவரும் செயலி வாங்கும் அன்றே செய்ய வேண்டிய ஏற்பாடுகளாகும்.